பழைய தமிழ்க் கோப்புகளைப் புதிய கணினியில் திறப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அதனால் சிலர் லினக்ஸுக்கும் சிலர் மேக்குக்கும் மாறுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்துச் சிறிய அச்சகங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்போது இல்லாத ஒரு தோட்டத்துக் கோயிலின் திருவிழா மலரோ, தமிழ்ப்பள்ளியின் பழைய ஆண்டிதழோ பேஜ்மேக்கர் கோப்பாகவே கிடக்கக்கூடும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல்.

ஒரு மென்பொருள் தானாக எதையும் செய்வதில்லை. கோப்பைத் திற, திரையில் வரை, அச்சுப்பொறிக்கு அனுப்பு என்று இயங்குதளத்திடம் கேட்கிறது. விண்டோஸ் மென்பொருளுக்கு விண்டோஸ் முறையில் மட்டுமே கேட்கத் தெரியும். லினக்ஸில் அந்தக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்பதுதான் வைன். 1993-இல் தொடங்கிய இந்த இலவசத் திட்டம் 1.0 பதிப்பை எட்டியது 2008-இல்தான். பதினைந்து ஆண்டு உழைப்பு!

எல்லா மென்பொருளும் வைனில் ஒரே மாதிரி ஓடாது. வைன் தளத்தில் உள்ள பட்டியல் ஒவ்வொன்றையும் 'பிளாட்டினம்' முதல் 'குப்பை' வரை தரம் பிரித்திருக்கிறது. முயலும் முன் அதைப் பார்ப்பது நல்லது. இன்னொரு வியப்பு: 64 பிட் விண்டோஸே கைவிட்டுவிட்ட 16 பிட் மென்பொருள்கள் சில, வைனில் இன்றும் ஓடுகின்றன. டாஸ் காலத்து மென்பொருளுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்தன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மென்பொருள் ஒழுங்காகத் திறந்தாலும் திரையில் வருவது புரியாத ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துருக் கோப்பை வைனின் ஃபான்ட்ஸ் அடைவில் போட்டால் தமிழ் தெரியும். பழைய தட்டச்சு மென்பொருளை வைனில் ஏற்றினால், அது வைனுக்குள் திறந்த சாளரங்களில் மட்டுமே வேலை செய்யும். பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் மென்பொருளில் அதைக்கொண்டு தட்ட முடியாது. யூஎஸ்பி பூட்டுடன் விற்கப்பட்ட மென்பொருள்கள் வைனில் பெரும்பாலும் அடம்பிடிக்கும்.

அவற்றுக்கு மெய்நிகர் கணினி பொருத்தம். இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல்பாக்ஸுக்குள் முழு விண்டோஸையும் நிறுவி, யூஎஸ்பி பூட்டையும் அதற்கே ஒப்படைக்கலாம். ஆனால் விண்டோஸ் உரிமம் வேண்டும், நினைவகமும் 8 ஜிபியாவது வேண்டும். எக்ஸ்பி போட்டால் இணையத்தை அணைத்துவிடுவதே பாதுகாப்பு. 2020-இன் இறுதியில் தொடங்கிய எம் வரிசை மேக்குகளில் எக்ஸ்பி நேரடியாக ஏறாது. யூடிஎம் போன்றவற்றில் ஓடும், மெதுவாக.

தட்டச்சுக்காக இத்தனை பாடுபடத் தேவையில்லை. முத்து நெடுமாறன் 1985-இல் மலேசியாவில் தொடங்கிய முரசு, டாஸிலிருந்து விண்டோஸுக்கும் மேக்குக்கும் வந்தது, கைப்பேசியில் செல்லினமாயிற்று. ஒரே மென்பொருளைச் சுமந்து திரியாமல் ஒவ்வொரு தளத்துக்கும் தனியே எழுதிய வழி அது. இன்று மேக்கில் அஞ்சல், தமிழ்99 விசைமுறைகள் உடனேயே வருகின்றன. லினக்ஸிலும் தமிழ்99 கிடைக்கிறது.

ஆகவே பழைய மென்பொருளை ஓட்டுவது அதில் தொடர்ந்து வேலை பார்ப்பதற்காக அல்ல, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்காக. பக்கத்தின் தோற்றம் வேண்டுமென்றால் எழுத்துருவையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கலாம். சொற்கள் வேண்டுமென்றால் உரையை நகலெடுத்து, சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் இலவச என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றலாம். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று எந்தக் குறியாக்கம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும்.

பழைய கணினியைக் கழித்துக் கட்டும் முன், கோப்புகளோடு விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் அடைவையும் முழுதாக நகலெடுத்து வைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.