சுற்றும் உருளையும் சுற்றாத உருளையும்



மாணிக்க வியாபாரத்தால் நிவித்திகலவுக்கும் பேருவளைக்கும் உள்ள போக்குவரத்து பழையது. இப்போது அந்தப் பாதையில் தூண்டிலோடு போகும் தம்பிமாரும் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு: கரையில் நின்று எறிவதற்கு ஸ்பின்னிங் ரீல் நல்லதா, மல்டிப்ளையர் நல்லதா? ஒரு நல்ல ரீல் வாங்குவது நம்மில் பலருக்குப் பல நாள் உழைப்பு. காசைக் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

மாணிக்கக் குழியின் மேல் கிடையாகக் கிடக்கும் கையுருளையைப் பார்க்காதவர் நம் ஊரில் இல்லை. வாளியைக் கீழே விடும்போது கயிறோடு சேர்ந்து உருளையும் சுழலும். கையைத் தளர விட்டால் வாளி தரையில் தட்டிய பிறகும் உருளை நிற்காது. கயிறு அவிழ்ந்து சிக்கிக்கொள்ளும். மல்டிப்ளையர் என்பது அதேதான். அடுத்தது, கைத்தூண்டில் போடுகிறவர்கள் வெறும் டின்னில் தங்கூசியைச் சுற்றி எறிவது. டின்னின் வாயைக் கடலுக்கு நேரே பிடித்து ஈயத்தை எறிந்தால் டின் அசைவதில்லை. தங்கூசி விளிம்பின் மேலாக வளையம் வளையமாகக் கழன்று ஓடும். ஸ்பின்னிங் ரீல் அந்த டின்தான். அதற்கு ஒரு கைபிடியும் சில பற்சக்கரங்களும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

உருளை சுழல்கிற ரீல்தான் மூத்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ஓவியர் மா யுவான் வரைந்த ஓர் ஓவியத்தில், குளிர்கால ஏரியில் தனியே படகில் இருக்கும் ஒருவர் ரீல் பொருத்திய தூண்டிலைப் பிடித்திருக்கிறார். அது இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கால ரீல் நூலைச் சேர்த்து வைக்கத்தான் உதவியது, தூர எறிய அல்ல.

எறியும் ரீலாக அதை மாற்றியதில் கடிகாரக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரம் செய்பவர் 1810க்கும் 1820க்கும் இடையில் நுட்பமான பற்சக்கரங்கள் வைத்து ரீல் செய்தார். கைபிடி ஒரு சுற்று, உருளை பல சுற்று. பெருக்கிச் சுற்றுவதால்தான் அதற்கு மல்டிப்ளையர் என்று பெயர். பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பேர் பெற்ற அம்பாஸடர் ரீலை 1952ல் வெளியிட்ட சுவீடனின் ஆபு கொம்பனியும் 1921ல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது. ஆபு என்ற பெயரிலேயே அந்த மொழியில் கடிகாரத் தொழிற்சாலை என்ற சொல் ஒளிந்திருக்கிறது.

கடலில் மல்டிப்ளையர் பட்ட பாடு வேறு. பெரிய மீன் இழுத்தால் கைபிடி பின்னோக்கிச் சுழன்று விரல் மொளியை உடைக்கும். கலிபோர்னியாவுக்கு அப்பால் கட்டலினா தீவில் 1898ல் சார்ள்ஸ் ஹோல்டர் 183 இறாத்தல் சூரையைப் பிடித்த காலத்தில், ஓடும் நூலைத் தடுக்கப் பெருவிரலும் ஒரு தோல் துண்டும்தான் இருந்தன. 1913ல் அதே தீவுக்கருகே வில்லியம் பொஷன் வாள்மீன் பிடித்தபோது ரீலுக்குள்ளேயே தடை வந்துவிட்டது: மீன் இழுத்தால் நூல் போகும், கைபிடி அசையாது. 1932ல் ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஒட்டோ ஹென்சே ஃபிலடெல்ஃபியாவில் பென் கொம்பனியைத் தொடங்கினார். வளைகுடாவிலிருந்து வந்த வாப்பாமாரின் பெட்டிகளில் நாம் கண்ட கறுப்பு மல்டிப்ளையர்கள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை.

சுற்றாத உருளையின் கதை ஸ்கொட்லாந்தில் தொடங்குகிறது. பேர்த் நகரத்துப் பீட்டர் மலொக் 1884ல் பக்கவாட்டில் திருப்பக்கூடிய ரீல் ஒன்றைச் செய்தார். எறியும்போது உருளையின் முகம் கடலைப் பார்க்கும். சுற்றும்போது பழைய நிலைக்குத் திரும்பும். குறை என்னவென்றால் ஒவ்வொரு எறிக்கும் நூலில் முறுக்கு ஏறும். இருந்தும் அந்த யோசனை சாகவில்லை. 1920ல் பிரிஸ்பேனில் சார்ள்ஸ் அல்வி தொடங்கிய கொம்பனியின் ரீல்கள் அவுஸ்திரேலியக் கடற்கரைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடின. மணலும் உப்பும் உள்ளே போனாலும் கெடுவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

உண்மையான திருப்பத்தைத் தந்தவர் மீன்பிடிகாரர் அல்ல, ஆலைக்காரர். இங்கிலாந்தின் பிரட்ஃபோர்டில் நெசவுத் தொழில் செய்த அல்ஃபிரட் இலிங்வேர்த், அசையாத நூற்கண்டின் முனையிலிருந்து நூல் கழன்று வருவதை ஆலையில் தினமும் பார்த்தவர். 1905ல் நிலையான உருளை கொண்ட ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். உருளை அசையாது, அதைச் சுற்றி ஒரு கை ஓடி நூலைச் சுற்றும். (ஸ்பின்னிங் என்ற பெயர் நூல் நூற்பதிலிருந்து வந்ததென்று சிலர் நினைக்கிறார்கள். நீரில் சுழலும் போலி இரையிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது.) 1932ல் ஹார்டி கொம்பனியின் ஓல்டெக்ஸ் ரீலில் இன்று நாம் மடக்கித் திறக்கும் முழு வளைகம்பி வந்தது.

அப்படியிருந்தும் கடல் மீனவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் ரீல் அல்ல, நூல். அக்காலக் கடல் நூல் லினனால் ஆனது. கடலுக்குப் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி விரித்துக் காயவைக்க வேண்டும். தடித்த லினன் விளிம்பின் மேலாக வழுக்கி ஓடாது, மெல்லிய நூலோ பெரிய மீனைத் தாங்காது. 1935ல் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸின் குழு நைலோனை உருவாக்கிய பிறகே வழி திறந்தது. போருக்குப் பின் தங்கூசியும் பிரான்ஸின் மிச்சல் ரீலும் ஏறக்குறைய ஒன்றாகவே உலகச் சந்தைக்கு வந்தன. மிச்சலைச் செய்த க்ளூஸ் என்ற ஊரும் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனதுதான்! 1990களில் வந்த பிரெய்ட் நூல் இன்னும் மெல்லியது, இன்னும் பலமானது. அதன் பிறகு ஸ்பின்னிங் ரீலைக்கொண்டு பெரிய பாரையையும் கரையிலிருந்து மடக்கலாம் என்றாகிவிட்டது.

இனி நம் கரைக்கு வருவோம். மே முதல் செப்டெம்பர் வரை பேருவளைப் பக்கம் தென்மேல் காற்று முகத்தில் அறையும். அந்தக் காற்றுக்கு எதிராகப் பாரம் குறைந்த போலி இரையை மல்டிப்ளையரில் எறிந்தால் இரை தயங்கும், உருளை தயங்காது, நூல் குருவிக்கூடாகிவிடும். காந்தத் தடை வைத்த புதிய மல்டிப்ளையர்களிலும் பெருவிரலுக்குப் பழக்கம் வேண்டும். மாதத்தில் ஒரு நாள் கடல் காணும் நமக்கு அந்தப் பழக்கம் எங்கே வரப்போகிறது? ஆகவே ஒரே ஒரு ரீல் வாங்கக்கூடியவருக்கு 5000 அல்லது 6000 அளவு ஸ்பின்னிங் ரீல் என்பதே நம் தீர்ப்பு.

அதற்காக வாப்பாவின் மல்டிப்ளையரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பாரமான ஈயமும் உயிர் இரையும் போட்டு இரவில் காத்திருக்கும் வேலைக்கு அது இன்றும் முன்னுக்கே நிற்கிறது. அதில் நூல் நேராக உருளைக்கு வருகிறது. ஸ்பின்னிங் ரீலிலோ வளைகம்பியில் உள்ள சிறு உருளையில் செங்குத்தாகத் திரும்பி வரவேண்டும். பெரிய மீன் இழுக்கும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம், தம்பிமாரே. நாம் ஆற்றை அறிந்தவர்கள், கடலை அறியாதவர்கள். களு கங்கை நம் பக்கம் ஓடுவதுபோல் களுத்துறை முகத்துவாரத்தில் ஓடாது. காற்றுக் காலத்தில் ஈரமான பாறை நுனியில் எந்த ரீலோடும் நிற்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் தடையை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்த பின் தடையைத் தளர்த்தி வையுங்கள். ஸ்பின்னிங் ரீலில் நூலை விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைய நிரப்புங்கள். அதற்குக் குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. கூடினால் கொத்தாகக் கழன்று விழும். டின்னில் சுற்றி எறிகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.