வாரத்துக்கு ஒரு சுருக்க ஜெபம்

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சுருக்க ஜெபம் தெரியாமல் இருக்காது. அட்வெந்தில் தொடங்கி ஞாயிறுக்கு ஒன்று. அதையேதான் வாரம் முழுக்கச் சொல்வோம். இதன் மூலம், 1549-இல் தாமஸ் கிரான்மர் இங்கிலாந்துக்காகத் தொகுத்த பொது ஜெபப் புத்தகம். பழைய லத்தீன் ஜெபங்கள் பலவற்றை ஆங்கிலமாக்கினார், சிலவற்றைப் புதிதாக எழுதினார். சனங்களுக்குப் புரிகிற மொழியில் ஜெபம் இருக்கவேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

ஆனால் பாருங்கள், அந்த வருடம் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று (ஜூன் 9) புத்தகம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவன் பகுதியில் ஒரு கிராமத்தார் தங்கள் குருவானவரைப் பழைய லத்தீன் பூசையையே செய்யவைத்தார்கள். பக்கத்துக் கார்ன்வாலிலும் கலகம். அங்கே வீட்டுமொழி கார்னிஷ். எங்களில் சிலருக்கு இங்கிலீஷே தெரியாது என்பது அவர்கள் புகார். ஆகஸ்டுக்குள் படையை விட்டு அடக்கினார்கள், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

வேல்ஸ் தப்பித்தது. 1563-இல் சட்டம் போட்டு, 1567-இல் வெல்ஷ் ஜெபப் புத்தகத்தை அச்சிட்டார்கள். வெல்ஷ் இன்றும் வீடுகளில் பேசப்படுகிறது. கார்னிஷுக்கு அப்படியொரு புத்தகம் வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் அநேகமாக இல்லாமல் போனார்கள். (பிற்பாடு ஆர்வலர்கள் மீட்டது வேறு கதை.) புத்தகம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வாரம் தவறாமல் வாயால் சொல்லும் நாலு வரி சின்ன விஷயமா என்ன?

இங்கே புனேயில் எங்களுக்கு ஆங்கில ஆராதனைதான். சனிக்கிழமை ராத்திரி மட்டும் மறுநாளைய சுருக்க ஜெபத்தைப் பிள்ளைகளோடு தமிழில் வாசிக்கிறோம். 'கிருபை' என்றால் என்ன என்று கேட்கிறார்கள். பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது.