தங்குதன் காபைட்டும் உருக்கும்: ஓர் இணைப்பின் வரலாறு

கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் புதிய பொருள்களின் தோற்றத்தை விரித்துரைப்பர். அவை பழைய பொருள்களோடு எவ்வாறு இணைக்கப்பட்டன என்பதை ஒரு வரியிற் கடந்துவிடுவர். தங்குதன் காபைட்டுக்கும் இக்கதியே நேர்ந்தது. ஆயின் மணல் கலந்த எண்ணெய் பாயும் கிணற்று வால்வில், காபைட்டு இருக்கை கழன்றால் அதன் கடினத்தால் யாது பயன்? உருக்கு உடல் விரைவில் அரிக்கப்பட்டுவிடும்.

பிரெஞ்சு இரசாயனவியலாளர் மொய்சான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்னுலையில் ஆக்கிய காபைட்டு எளிதில் நொறுங்கியது. 1923 இல் பேர்லினில், ஒஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் சுரோட்டர் காபைட்டுத் தூளைக் கோபாற்றுடன் சேர்த்து, அழுத்திச் சூடாக்கி இறுகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். மின்குமிழ் இழையை இழுக்கும் வைர அச்சுகளின் விலையே இதற்குத் தூண்டுதல். 1927 இல் குறுப் நிறுவனம் இதனை 'விடியா' எனும் பெயரில் இலைப்சிக் கண்காட்சியில் வைத்தது. வைரம் போன்றது என்பது அப்பெயரின் பொருள்.

தொடக்கத்தில் வெட்டுக்கருவிகளில் காபைட்டுத் துண்டுகள் செம்பினாற் பற்றவைக்கப்பட்டன. செம்பு 1083 பாகை செல்சியசில் உருகும். சிக்கல் குளிரும்போதே எழுந்தது. உருக்கின் வெப்ப விரிவு காபைட்டினதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. 50 மில்லிமீற்றர் நீளமான இணைப்பு 600 பாகை குளிருமாயின், உருக்கு மற்றையதைவிட ஏறக்குறைய 0.18 மில்லிமீற்றர் கூடுதலாகச் சுருங்க முயலும். அவ்விழுவிசையே காபைட்டைப் பிளந்தது. ஏறத்தாழ 700 பாகையில் உருகும் வெள்ளிப் பற்றாசு இவ்விடரைக் குறைத்தது. இரு பற்றாசுப் படைகளின் நடுவே மென்செப்புத் தகடு வைக்கும் முறை மேலும் தணித்தது. செம்பு தான் நெகிழ்ந்து, தகைப்பைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். பற்றாசில் நெடுங்காலம் சேர்க்கப்பட்ட காட்மியத்தின் நச்சுப்புகை தொழிலாளரின் நுரையீரலைத் தாக்கியது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. பெரும்பாலான பயன்பாடுகளில் அதனை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது 2011 இலேயே.

வால்வு இருக்கைகளுக்குப் பெரிதும் ஏற்றது சுருங்கப் பொருத்தும் முறை. மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டத்தைக் காய்ச்சி ஏற்றிய எமது கொல்லர் அறிந்திருந்த தத்துவமே இது. சூடேற்றிய உருக்கு வளையத்தினுள் காபைட்டை இறக்கினால், குளிரும் உருக்கு அதனை இறுகப் பிடிக்கும். இழுவிசைக்கு அஞ்சும் காபைட்டு அழுக்கத்தை எளிதில் தாங்குமாதலின், முன்னர்ப் பகையாயிருந்த விரிவு வேறுபாடு இங்கு துணையாகிறது. எனினும் வெப்பமான பாய்பொருளில் வளையம் விரிந்து பிடி தளரும். தலைகீழாக, காபைட்டுக் கிண்ணத்தினுள் உருக்குத் தண்டை இறுகச் செருகினாலோ, சூடேறும் தண்டு கிண்ணத்தையே பிளந்துவிடும்.