டிசம்பர் வந்தால் மாநாடு

நம்ம ஊரில் தீபம் முடிந்தால் ஓய்வு. எலும்பு டாக்டர்களுக்கு அப்புறம்தான் மாநாட்டுப் பேச்சே. இந்த வழக்கம் பழசு.

1938-இல் இந்திய அறுவை மருத்துவர் சங்கம் தோன்றியபோது சென்னை டாக்டர் சி.பி.வி. மேனன், லாகூர் மிராஜ்கர் போன்றோர் முன்னின்றனர். எலும்பு மருத்துவர்கள் அதிலே ஒரு பிரிவாக இருந்தவர்கள்தாம். 1955 டிசம்பரில் அமிர்தசரஸில் தனிச் சங்கம் கண்டார்கள். டாக்டர் பி.என். சின்ஹா தலைவர்.

ஆண்டு மாநாடு என்றால் தலைவர் உரை, கினி நினைவுச் சொற்பொழிவு, பொதுக்குழு, வரவு செலவு, தேர்தல், புதுத் தலைவர் பதவியேற்பு. மாலை விழும் கழுத்து தலைவருடையது. சங்கத்தைச் சுமக்கிற தோள் செயலாளருடையது என்பது என் அபிப்பிராயம்!

இதெல்லாம் பெருநகரத்து சமாசாரம் என்று ஒதுங்கவேண்டாம். திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2013-இல்தான் வந்தது. ஆனால் புத்தூர் கட்டுப் போட்டு, எலும்பு கோணலாய்ச் சேர்ந்தபின் ஆஸ்பத்திரி தேடி வருகிறவர்களை இந்தப் பக்கத்து டாக்டர் பார்க்கிற அளவுக்கு மாநகரத்துப் பேராசிரியர் பார்க்கமாட்டார். அந்த எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு மேடையேற நம்ம பிள்ளைகளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?