அடுப்பூதும் கலை

“அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?” என்று கேட்டது நம் நாடு. அடுப்பூதுவதே ஒரு படிப்பு என்பதை மட்டும் அது ஒப்புக்கொள்ளவில்லை!

ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஆலைகள் எழுமுன், வயல் சூழ்ந்த வீடுகளில் எரிந்த மண்ணடுப்பை எண்ணிப் பார்ப்போம். பெரிய அடுப்பில் உலை கொதிக்கும். மிஞ்சிய அனல் துளை வழியே கொடியடுப்புக்குப் பாய்ந்து குழம்பைக் காய்ச்சும். சோறு பொங்கினால் விறகை வெளியே இழுக்க வேண்டும். ஈரவிறகு புகையும், சுள்ளி சடுதியில் எரிந்து தீரும், வறட்டி நின்று கனலும். அளக்கும் கருவி? கண்ணும் மூக்கும்தான்! பத்து வயதுச் சிறுமி தாயின் அருகிருந்து இத்தனையும் கற்றாள். பரிசாக இருமலும் கண்ணெரிச்சலும் பெற்றாள். அதே நெருப்பைத் திருமணப் பந்தலின் கோட்டையடுப்பில் ஆண் மூட்டினாலோ, கூலியும் வெற்றிலை பாக்கும்! கோயில் மடைப்பள்ளியிலோ சாதி காவல் நின்றது.

புகையில்லா அடுப்பைப் பற்றி ஐதராபாத்தின் எஸ்.பி. ராஜு 1953-இல் நூலே எழுதினார். அவ்வறிவு அடுப்பங்கரைக்கு வந்துசேர யாருக்கும் அவசரமில்லை. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. 2006-இல் அமைந்த கலைஞர் ஆட்சிதான் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை விலையின்றி வழங்கிற்று. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மாண்டோர் உலகெங்கும் 32 இலட்சம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ‘விறகடுப்புச் சமையல்’ என்று பலகை மாட்டி விற்கிறார்கள். நம் இளைஞர் சிலரும் அதனைக் கற்க விரும்புகின்றனர். கற்கட்டும்; பாட்டியிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதியும் வைக்கட்டும்.