கலைவழி உளநலச் செயற்பாடு: வட இலங்கையும் வன்னியும்

மனநெருக்கடியில் அடிபட்டவர்கள் தாம் பட்டதை நாடகம், ஓவியம், கவிதை, கடிதம் வழியே ஊரறியச் சொல்லி, பராமரிப்பையும் மதிப்பையும் கேட்கும் முறை. அமெரிக்காவில் கிளிஃபர்ட் பியர்ஸ், மனநோய் விடுதியில் தாம் பட்ட பாட்டை 1908இல் நூலாக எழுதியதையொட்டி அங்கே ஓர் இயக்கம் எழுந்தது. ஈழத்தில் வழி திறந்தது நாடகமேடை.

குழந்தை ம. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. போர் மனத்தில் விட்ட காயத்தைச் சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ (1991) பொருளாகக் கொண்டது. ‘விசர்’ என்று ஊர் சொல்லிவிடுமோ என வைத்தியரிடம் போகத் தயங்குபவரும் நாடகம் பார்க்க வருவார். மேடையின் பலம் அதுதான். வடக்குக்கு வெளியே, கிழக்கின் மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசுசபைத் துறவி பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள்.

வன்னியில் துயரைச் சொல்ல மேடையல்லாத வழக்கமும் உண்டு. சாவீட்டில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு இருந்து, முன்னும் பின்னும் ஆடி ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரின் குணமும் கொடையும் குறையும் அதில் வந்துவிடும். போரின் இறுதிக் கட்டமான 2009இன் முதல் ஐந்து மாதங்களில் அதற்கும் வழியிருக்கவில்லை. உடல்களை விட்டுவிட்டே பலர் நடந்தார்கள்; எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. மிஞ்சிய 2,50,000க்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டனர். பெரியது மெனிக் பாம். வவுனியாவிலிருந்து பூவரசங்குளம் வழியே போகும் மன்னார் வீதிப் பக்கம், செட்டிகுளத்தில் இருந்தது. 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றிய ஆய்வுக்கு அச்சனத்தின் கதைகளோடு அவர்கள் வரைந்த படங்கள், கடிதங்கள், கவிதைகளும் ஆதாரமாயின. கணக்கெடுப்பில் பிடிபடாத பல அவற்றில் இருந்தன. ஆயினும் அது ஆங்கில ஆய்விதழில் வந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேரால் வாசிக்க முடியும்? இத்துறையில் பேனா இன்னமும் பெரும்பாலும் வைத்தியர் கையில்தான் இருக்கிறது.

தாமே பேசத் துணிந்தவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் சில நாளில் வவுனியாவுக்கும் பரவியது. பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி வீதியோரக் கொட்டிலில் இருந்தார்கள். செத்தான் என்று தெரியாத பிள்ளைக்கு ஒப்பாரி வைக்க முடியாது; அவன் எங்கே என்பதற்குப் பதில் கேட்கிறார்கள், ஆற்றுப்படுத்தலைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசலாம்.