தையல் மெஷினும் டிரங்குப் பெட்டியும்

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை பக்கம் தையல் மெஷின் இருக்கிற வீடுகளில் கூடவே ஒரு பழைய டிரங்குப் பெட்டியும் இருக்கும். உள்ளே ரவிக்கை பிட்டுகள், வெட்டி மிஞ்சிய துண்டுகள், லைனிங் துணி, பட்டன் டப்பா. காமர்ஸ் பாஷையில் சொன்னால் மெஷின் நிலையான சொத்து, பெட்டி சரக்கு இருப்பு. இரண்டுக்குமே வரலாறு உண்டு.

முதலில் மெஷின். அதைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஐசக் சிங்கர் வாங்கியது 1851-ல்தான். சிங்கர் கம்பெனி ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் தவணை முறை. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம் என்ற ஏற்பாட்டை 1856-ல் கொண்டு வந்தவர் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கர் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. நம் நாட்டு உஷா 1930-களில் கல்கத்தாவில் பிறந்தது.

1924-ல் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், "எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா?" என்ற பொருளில் கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது தையல் மெஷினைத்தான். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் செய்த கருவி என்றார். உண்மையில் சிங்கருக்குப் பல குடும்பங்கள், 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள்! கதை சரியில்லை என்றாலும் கருத்து சரி: இயந்திரத்தை விட மனிதர்தான் முக்கியம். அதே ராமச்சந்திரன்தான் 1947-ல் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

தைக்கும் சிரமத்தை மெஷின் குறைத்தது. எதை, எதிலிருந்து, எப்போது தைப்பது என்று யோசிக்கும் வேலை பெட்டியிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பெட்டி கடையில் வாங்கி மட்டும் நிரம்புவதில்லை. நவராத்திரி கொலு, வளைகாப்பு, கல்யாணம் என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் பிட்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். 1956 சட்டத்துக்குப் பின் கஜம் போய் மீட்டர் வந்தது. துணி மீட்டரில், உடம்பு அளவு இன்றும் இஞ்ச் டேப்பில்! பழைய கஜம் 36 இஞ்ச். அந்த நாலரை இஞ்ச் குறைவதால் முழுக்கை ரவிக்கைக்குப் பல பிட்டுகள் போதாது.

அதனால்தான் அனுபவசாலிகள் நிறம் பார்த்து அடுக்குவதில்லை, நீளம் பார்த்து அடுக்குகிறார்கள். ஒரு மீட்டர் தனி, 80 செ.மீ. தனி, துண்டுகள் தனி. துண்டுகள் குழந்தைச் சட்டைக்கும் தலையணை உறைக்கும் போகும். பழைய பிட் முதலில் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே சாயம் போய்விடும். பாடப் புத்தகத்தில் இதற்கு ஃபிஃபோ என்று பெயர்.

மெஷினின் தவணை என்றாவது முடியும். பெட்டிமுன் உட்கார்ந்து கணக்குப் போடும் நேரத்துக்கு மட்டும் எந்த வீட்டிலும் யாரும் கூலி எழுதுவதில்லை.